மூணு பழைய மெஷின், ஒரு கிளஸ்டர்: டாக்கர் ஸ்வார்ம் ஆரம்பப் பாடம்

ஓணம் நெருங்கிருச்சுன்னா பாவூர்சத்திரம் மார்க்கெட்டுல இருந்து புளியரை வழியா ஆரியங்காவு ஏறுற காய்கறி லாரி கூடும், அது நம்ம பக்கம் சின்னப் புள்ளைக்கும் தெரியும். இப்ப ஒரு பேச்சுக்கு, அந்த மார்க்கெட் விலைய தமிழ்லயும் மலையாளத்துலயும் தினமும் காலைல போடுற ஒரு சின்ன வெப்சைட்ட நீங்க நடத்துறீங்கன்னு வச்சுக்கிடுங்க. சாதாரண நாள்ல தென்காசி, செங்கோட்டை, புனலூர் வியாபாரிங்க நாலு பேரு பாப்பாங்க, ஒரு மெஷின்ல ஒரு டாக்கர் கன்டெய்னர் (ஆப்பையும் அதுக்கு வேண்டிய சாமானையும் ஒரே பெட்டியா கட்டி ஓட்டுறது) ஓட்டுனா தாராளம். ஓண வாரத்துல கொல்லம், பத்தனம்திட்டாவுல இருந்தெல்லாம் வந்து எட்டிப் பாப்பாங்க, அந்த நேரம் பாத்து மெஷின் படுத்துச்சுன்னா அந்த வருஷ யாவாரம் அவ்ளோதான்.

கன்டெய்னர் செத்தா தானா எந்திரிக்க வைக்கிறதுக்கு டாக்கர்லயே ரீஸ்டார்ட் பாலிசி இருக்கு, அதுல பிரச்சினை இல்ல. ஆனா மெஷினே செத்துப்போனா அத யாரு எந்திரிக்க வைக்கிறது? சரி, ரெண்டாவது மெஷின் ஒண்ணு வாங்கி அதுலயும் அதே கன்டெய்னர ஓட்டலாம்னா, எது உசுரோட இருக்கு எது போச்சு, இங்க போனத அங்க எப்ப ஆரம்பிக்கணும்னு ராத்திரி முழிச்சு பாக்குற ஆளு நீங்கதான். அந்த வேலைய உங்க தலைல இருந்து எறக்கி சாஃப்ட்வேர் தலைல வைக்கிறதுதான் கிளஸ்டர். கன்டெய்னர ஓட்டுற மெஷினுங்க பலத சேத்து கட்டி, வெளிய இருந்து பாக்க ஒரே மெஷின் மாதிரி நடத்துறது. அதுக்கு மேல பெரிய தத்துவம் ஒண்ணும் இல்ல.

இத கமாண்ட் லைன்ல இருந்தே எப்படி கட்டுறதுன்னு பாக்கலாம். முன்கூட்டியே சொல்லிடுறேன், கட்டுறதுக்குன்னு அடிக்கிற கமாண்ட் ரெண்டு மூணுதான், அத மனப்பாடம் பண்ணி ஒண்ணும் ஆகப்போறதில்ல. எத்தனை மேனேஜர் வைக்கணும், எந்த போர்ட்ட தொறக்கணும், டேட்டா எங்க உக்காந்திருக்கும்ங்கிற மூணு கேள்விக்கு பதில் தெரியாம கட்டுன கிளஸ்டர், தனி மெஷின விட மோசமா தொந்தரவு குடுக்கும். அதனால அந்த மூணுல கொஞ்சம் நின்னு பேசுவேன், மத்தத வேகமா தாண்டிருவேன். இன்னொண்ணு, கமாண்டெல்லாம் இங்க தமிழ் எழுத்துல எழுதுறேன், படிக்க சுளுவா இருக்கும்னு. டெர்மினல்ல அடிக்கையில இங்கிலீஷ் எழுத்துலதான் அடிக்கணும்.

முதல்ல, எந்த கருவி? கன்டெய்னர் கிளஸ்டர்னாலே எல்லாரும் குபர்நெட்டிஸ்னுதான் சொல்லுவாங்க. 2014-ல கூகுள் வெளிய விட்டது, இன்னைக்கு வேலைக்கு இன்டர்வியூ போனா அதத்தான் கேப்பாங்க, அதுல சந்தேகமே இல்ல. ஆனா அத கியூப்அட்மின்ங்கிற டூல வச்சு கட்டணும்னா ஒவ்வொரு மெஷினுக்கும் குறைஞ்சது 2 ஜிபி ரேம் வேணும், கன்ட்ரோல் பிளேன்னு சொல்ற நிர்வாக மெஷினுக்கு 2 சிபியு வேணும், நெட்வொர்க்குக்கு தனியா ஒரு பிளகின் போடணும், யாமல்னு ஒரு வகை செட்டிங்ஸ் ஃபைல் எழுதணும், இப்படி கிளஸ்டர்னா என்னன்னு புரியறதுக்கு முன்னாடியே பத்து புது சமாச்சாரம் தலைல வந்து விழும். டாக்கர்க்குள்ளயே ஸ்வார்ம் மோடுன்னு ஒண்ணு இருக்கு, 2016-ல டாக்கர் 1.12 வெர்ஷன்ல வந்தது, தனியா எதுவும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம். பழைய ஆர்ட்டிக்கிள் சிலதுல ஸ்வார்ம்னு வேற ஒரு தனி கன்டெய்னர ஓட்டச் சொல்லிருப்பாங்க, டாக்கர் மெஷின்னு ஒரு டூல வச்சு சொல்லிருப்பாங்க, அது ரெண்டும் காலாவதி ஆயிருச்சு, அந்தப் பக்கம் போகாதீங்க. என் கட்சி என்னன்னா, மூணு நாலு மெஷின் வச்சிருக்கிற சின்ன டீமுக்கு ஸ்வார்ம் போதும், கத்துக்கிடுறதுக்கும் அதுதான் நல்ல முதல் படி, ஏன்னா இதுல படிக்கிற விஷயம் முக்கால்வாசி குபர்நெட்டிஸ்லயும் வேற பேருல அப்படியே இருக்கு.

கிளஸ்டர்ல இருக்கிற ஒவ்வொரு மெஷினுக்கும் நோடுன்னு பேரு. நோடு ரெண்டு வகை, மேனேஜர், வொர்க்கர். மண்டியில கணக்குப்பிள்ளையும் லோடுமேனும் இருக்காங்கல்ல, அதே கதைதான். எந்த மூட்டை எந்த லாரிக்குன்னு கணக்கு நோட்டு கணக்குப்பிள்ளை கையில இருக்கும், லோடுமேன் சொன்னத தூக்கி வைப்பாரு, நோட்டுல எழுத அவருக்கு அதிகாரம் கிடையாது. ஒரு வித்தியாசம், இங்க கணக்குப்பிள்ளையும் சும்மா உக்காந்திருக்க மாட்டாரு, நீங்க வேண்டாம்னு சொல்லாத வரைக்கும் மேனேஜர் நோடும் கன்டெய்னர் ஓட்டும்.

நீங்க கிளஸ்டர் கிட்ட பேசுற முறையும் மாறுது. தனி மெஷின்ல "இந்த கன்டெய்னர ஓட்டு"ன்னு உத்தரவு போடுவீங்க, ஓட்டும், முடிஞ்சது. கிளஸ்டர்ல "இந்த கன்டெய்னர் எப்பவும் மூணு ஓடிக்கிட்டே இருக்கணும்"னு எழுதி வைக்கிறீங்க. மேனேஜர் அத நோட்டுல குறிச்சுக்கிட்டு, இப்ப நிஜமா எத்தனை ஓடுதுன்னு ஓயாம பாத்துக்கிட்டே இருக்கும், ரெண்டுதான் ஓடுதுன்னா ஒண்ண சேக்கும், நாலு ஓடுதுன்னா ஒண்ண நிறுத்தும். கிளஸ்டர் சமாச்சாரத்துல புரிய வேண்டிய முக்கியமான விஷயம் இதுதான், மத்ததெல்லாம் இதுக்கு மேல கட்டுன மாடி.

சரி, மெஷினுக்கு வருவோம். பழகுறதுக்கு மூணு பழைய டெஸ்க்டாப் போதும், இல்லன்னா ஒரே லேப்டாப்ல மூணு விர்ச்சுவல் மெஷின் போட்டுக்கிடலாம், நிஜமா ஓட்டணும்னா கிளவுட்ல மூணு சின்ன மெஷின் வாடகைக்கு எடுங்க. மூணுலயும் உபுண்டு மாதிரி ஒரு லினக்ஸ், மூணுலயும் ஒரே வெர்ஷன் டாக்கர் என்ஜின். டாக்கரோட சொந்த ரெப்போவ (சாஃப்ட்வேர் கிடங்க) சேத்து இன்ஸ்டால் பண்ணுங்க, அப்பதான் மூணும் ஒரே வெர்ஷன்ல நிக்கும். அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி பேரு வைங்க. நான் இங்க நம்ம அணைங்க பேர வச்சுக்கிடுறேன், குண்டாறு, ராமநதி, கடனா:

சுடோ ஹோஸ்ட்நேம்சிடிஎல் செட்-ஹோஸ்ட்நேம் குண்டாறு

பேரு வைக்கிறது விளையாட்டு இல்ல, மூணும் உபுண்டு, உபுண்டு, உபுண்டுன்னு லிஸ்ட்ல வந்தா அப்புறம் எதுல என்ன ஓடுதுன்னு ஒங்களுக்கே தெரியாது. ஐபி அட்ரஸ் மாறக்கூடாது, குறிப்பா மேனேஜருக்கு. ரவுட்டர்ல போயி மூணுக்கும் நிலையான ஐபி கட்டி விட்ருங்க, இங்க 192.168.1.11, 12, 13-ன்னு வச்சுக்கிடுவோம். கரண்ட் போயி வந்து ரவுட்டர் வேற ஐபிய குடுத்துருச்சுன்னா மேனேஜருங்க ஒண்ண ஒண்ணு தேடிக்கிட்டு நிக்கும். கடிகாரமும் சரியா இருக்கணும். நோடுங்க தங்களுக்குள்ள டிஎல்எஸ் சர்ட்டிஃபிகேட் (அடையாளம் காட்டுற டிஜிட்டல் சான்றிதழ்) வச்சுத்தான் பேசிக்கிடுதுங்க, சீமாஸ் பேட்டரி செத்த பழைய டெஸ்க்டாப் பல வருஷத்துக்கு முந்தின தேதிய காட்டிச்சுன்னா சர்ட்டிஃபிகேட் இன்னும் செல்லுபடி ஆகலன்னு சொல்லி கனெக்ஷன வெட்டிரும். டைம் சிங்க் ஆன்ல இருக்கான்னு டைம்டேட்சிடிஎல் அடிச்சு பாத்துக்கோங்க.

அடுத்தது போர்ட், அதாவது நெட்வொர்க் ட்ராஃபிக் மெஷினுக்குள்ள வர்ற நம்பர் போட்ட கதவு. "ஜாயின் ஆக மாட்டேங்குது"ன்னு ஆளுங்க மண்டைய பிச்சுக்கிடுற இடத்துல பாதிக்கு மேல இதுதான் காரணமா இருக்கும். மூணு போர்ட் வேணும். 2377 டிசிபி, இது மேனேஜரோட பேசுறதுக்கு, கிளஸ்டர்ல சேருறதே இது வழியாத்தான். 7946, இது டிசிபி யுடிபி ரெண்டும் வேணும், நோடுங்க ஒண்ணுக்கொண்ணு நலம் விசாரிச்சுக்கிடுறதுக்கு. 4789 யுடிபி, இதுலதான் ஒரு மெஷின்ல இருக்கிற கன்டெய்னர் இன்னொரு மெஷின்ல இருக்கிற கன்டெய்னரோட பேசுற ட்ராஃபிக் போகும், விஎக்ஸ்லான்னு சொல்லுவாங்க. இதுல வேடிக்கை என்னன்னா 2377 மட்டும் தொறந்திருந்தா கிளஸ்டர் நல்லாவே கட்டி முடியும், லிஸ்ட்ல மூணு நோடும் ரெடின்னு நிக்கும், ஆனா சைட்ட தொறந்தா ஒரு தடவ வரும், ஒரு தடவ சுத்திக்கிட்டே கெடக்கும். நல்லா கட்டியாச்சே அப்புறம் என்னன்னு ஆப்ல போயி தப்பு தேடுவாங்க, தப்பு ஃபயர்வால்ல இருக்கும். உபுண்டுவோட யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் ஓடுதுன்னா மூணு மெஷின்லயும் இப்படி:

சுடோ யுஎஃப்டபிள்யூ அலவ் ஃப்ரம் 192.168.1.0/24 டு எனி போர்ட் 2377 ப்ரோட்டோ டிசிபி

இதே மாதிரி 7946-க்கு டிசிபி ஒரு தடவ, யுடிபி ஒரு தடவ, 4789-க்கு யுடிபி ஒரு தடவ. ஃப்ரம்னு நம்ம நெட்வொர்க்க மட்டும் போட்டிருக்கிறத கவனிங்க. இந்த போர்ட்டுங்கள இன்டர்நெட்டுக்கு தொறந்து விட்றாதீங்க, முக்கியமா 4789-ஐ, அதுல போற ட்ராஃபிக் நீங்க தனியா கேக்காத வரைக்கும் என்கிரிப்ட் ஆகாது. கிளவுட் மெஷின்னா அவங்க டாஷ்போர்டுல செக்யூரிட்டி குரூப்னு ஒண்ணு தனியா இருக்கும், அங்கயும் தொறக்கணும், ரெண்டு கதவுல ஒண்ண மட்டும் தொறந்துட்டு உள்ள வர முடியலன்னா எப்படி.

இப்ப கட்டுவோம். குண்டாறுல மட்டும்:

டாக்கர் ஸ்வார்ம் இனிட் --அட்வர்டைஸ்-அட்ர் 192.168.1.11

அந்த அட்வர்டைஸ் அட்ரஸ் எதுக்குன்னா, மத்த நோடுங்க என்னைய இந்த ஐபில வந்து பாருங்கன்னு சொல்றதுக்கு. மெஷின்ல வைஃபை ஒரு ஐபி, கேபிள் ஒரு ஐபின்னு ரெண்டு இருந்தா, இத குடுக்காம அடிச்சீங்கன்னா எத எடுக்கிறதுன்னு தெரியலன்னு எர்ரர் போட்டு நின்னுரும். அதனால எப்பவுமே குடுத்துருங்க. அடிச்ச அடுத்த நொடி ஸ்வார்ம் ஆரம்பிச்சாச்சு, இந்த நோடு இப்ப மேனேஜர்னு சொல்லிட்டு, கீழ நீளமா ஒரு ஜாயின் கமாண்ட எழுதிக் காட்டும், டோக்கனோட. எஸ்டபிள்யூஎம்டிகேஎன்னு ஆரம்பிக்கிற நீட்டு வால் ஒண்ணு, அதான் டோக்கன். அத அப்படியே காப்பி பண்ணி அடுத்த மெஷின்ல போட்டா வொர்க்கரா சேந்துரும். ஸ்க்ரீன் மேல போயிருச்சேன்னு பயப்பட வேண்டாம், எப்ப வேணும்னாலும் மேனேஜர்ல திரும்ப கேக்கலாம்:

டாக்கர் ஸ்வார்ம் ஜாயின்-டோக்கன் வொர்க்கர்
டாக்கர் ஸ்வார்ம் ஜாயின்-டோக்கன் மேனேஜர்

ரெண்டும் வேற வேற டோக்கன், எந்த டோக்கன் போட்டு சேருதோ அந்த வேலை கிடைக்கும். குபர்நெட்டிஸ்ல இந்த டோக்கன் சாதாரணமா 24 மணி நேரத்துல காலாவதி ஆயிரும், ஸ்வார்ம்ல அப்படி ஆகாது, நீங்களா மாத்துற வரைக்கும் செல்லும். அதனால மேனேஜர் டோக்கன் வாட்ஸ்அப் குரூப்ல சுத்திக்கிட்டு இருந்தா அது வீட்டு சாவிதான். வெளிய போயிருச்சுன்னு சந்தேகம் வந்தா அதே கமாண்டோட --ரொட்டேட் சேத்து அடிங்க, பழைய டோக்கன் செல்லாது, ஏற்கெனவே சேந்திருக்கிற நோடுக்கு ஒண்ணும் ஆகாது.

ராமநதிலயும் கடனாலயும் நான் மேனேஜர் டோக்கன்தான் போடுவேன், ஏன்னு இப்ப சொல்றேன்:

டாக்கர் ஸ்வார்ம் ஜாயின் --டோக்கன் அந்த-நீட்டு-வாலு 192.168.1.11:2377

முடிஞ்சு குண்டாறுல டாக்கர் நோடு எல்எஸ்னு அடிச்சா மூணு பேரும் லிஸ்ட்ல நிக்கும். நீங்க உக்காந்திருக்கிற நோடுக்கு பக்கத்துல ஒரு நட்சத்திரம் இருக்கும், மேனேஜர் ஸ்டேட்டஸ்னு ஒரு பத்தில ஒண்ணுக்கு லீடர்னும் மத்ததுக்கு ரீச்சபிள்னும் போட்டிருக்கும். அந்த இடம் வெறுமையா இருந்தா அது வொர்க்கர். இதே கமாண்ட வொர்க்கர்ல போயி அடிச்சா, இது மேனேஜர் இல்ல, கிளஸ்டர் நெலமைய இங்க இருந்து பாக்க முடியாதுன்னு சொல்லிரும், கிளஸ்டர் ஒடஞ்சிருச்சோன்னு நெனச்சுக்கிடாதீங்க.

இப்ப ஏன் மூணு மேனேஜர்? ஒரே ஒரு கணக்குப்பிள்ளை, அவரு கையில ஒரே ஒரு நோட்டு, அவரு லீவ் போட்டா அன்னைக்கு ஓடிக்கிட்டு இருக்கிற வேலை ஓடும், புதுசா ஒண்ணும் நடக்காது, ஏதாவது விழுந்தாலும் எடுத்து நிறுத்த ஆளு இல்ல. சரின்னு ரெண்டு பேர வைப்போம்னு தோணும். ஆனா ரெண்டு மேனேஜர் வைக்கிறது ஒண்ண விட மோசம். எப்படின்னு கேளுங்க. மேனேஜருங்க எல்லார் கையிலயும் ஒரே நோட்டோட காப்பி இருக்கும், அதுல ஒரு வரி எழுதணும்னா மொத்த மேனேஜர்ல பாதிக்கும் மேல சம்மதிக்கணும், இந்த முறைக்கு ராஃப்ட்னு பேரு. ரெண்டு பேர்ல பாதிக்கும் மேலன்னா ரெண்டு பேருமே. ஒருத்தர் போனா அடுத்தவரு தனியா எதையும் எழுத முடியாது. ஆக ரெண்டுல எது போனாலும் நிர்வாகம் நின்னுரும், விழுறதுக்கு வாய்ப்பு ரெண்டு மடங்கு ஆனதுதான் மிச்சம்.

ஏன் இவ்ளோ பிடிவாதம், மிச்சம் இருக்கிறவரே முடிவு பண்ணிட்டு போலாமேன்னு கேட்டா, அவருக்கு அடுத்தவரு செத்துட்டாரா இல்ல நடுவுல கேபிள் மட்டும் பிச்சுக்கிச்சான்னு தெரிய வழியே இல்ல. கேபிள் பிச்சு, ரெண்டு பேரும் உசுரோட, ரெண்டு பேரும் நாந்தான் லீடர்னு தனித்தனியா எழுத ஆரம்பிச்சா ரெண்டு நோட்டு ரெண்டு கணக்குன்னு ஆயிரும், அத பின்னால ஒண்ணா சேக்கவே முடியாது. பாதிக்கும் மேலங்கிற விதி இருந்தா, எப்படி பிச்சாலும் ஒரு பக்கம்தான் மெஜாரிட்டி இருக்கும்.

அதனால கணக்கு இப்படி வரும். மூணு மேனேஜர்னா ஒண்ணு போகலாம். நாலு வச்சாலும் ஒண்ணுதான் போகலாம், நாலாவது தண்டம். அஞ்சுன்னா ரெண்டு போகலாம், ஏழுன்னா மூணு. எப்பவும் ஒத்தப்படையில வைங்க, ஏழுக்கு மேல வேண்டாம்னு டாக்கர்காரங்களே சொல்றாங்க, ஏன்னா ஒவ்வொரு வரி எழுதவும் இன்னும் அதிகம் பேர் கிட்ட சம்மதம் வாங்கணும், வேகம் குறையும். மூணு மெஷின்னா மூணுமே மேனேஜர், நாலாவது மெஷின் வாங்குனா அது வொர்க்கர், இதுதான் சின்ன இடத்துக்கு நல்ல ஏற்பாடு. வொர்க்கரா சேந்தத மேனேஜர் ஆக்க டாக்கர் நோடு ப்ரமோட் ராமநதி, எறக்க டாக்கர் நோடு டிமோட் ராமநதி.

மூணுல ரெண்டு ஒரே நேரத்துல போயிருச்சுன்னா? ஸ்வார்ம்க்கு லீடர் இல்ல, மேனேஜர்ல பாதிக்கு மேல ஆன்லைன்ல இருக்கான்னு பாருன்னு எர்ரர் வரும். இங்க பதறாம இருக்கிறது முக்கியம். மிச்சம் இருக்கிற மெஷின்ல ஓடிக்கிட்டு இருக்கிற கன்டெய்னர் ஓடிக்கிட்டேதான் இருக்கும், சைட்டு வரும், நீங்க மாத்தம் எதுவும் பண்ண முடியாது, அவ்ளோதான். போன மெஷின்ல ஒண்ண எப்படியாவது எந்திரிக்க வச்சாலே எல்லாம் சரியாகும். அது முடியவே முடியாதுன்னா மட்டும், மிச்சம் இருக்கிற மேனேஜர்ல டாக்கர் ஸ்வார்ம் இனிட் கமாண்டோட --ஃபோர்ஸ்-நியூ-கிளஸ்டர் சேத்து அடிச்சா, கையில இருக்கிற நோட்ட வச்சு ஒத்த மேனேஜர் கிளஸ்டரா திரும்ப ஆரம்பிக்கும், சர்வீஸ் (எத எத்தனை காப்பி ஓட்டணும்னு நீங்க எழுதி வச்சது) விவரமெல்லாம் போகாது. அப்புறம் பழையபடி மூணாக்கிக்கிடுங்க. அந்த நோட்டு டிஸ்க்ல இருக்கிற இடம் /வார்/லிப்/டாக்கர்/ஸ்வார்ம், பேக்கப் எடுக்கணும்னா ஒரு மேனேஜர்ல டாக்கர நிறுத்திட்டு இந்த ஃபோல்டர காப்பி பண்ணணும்.

மூணு மேனேஜரையும் ஒரே யுபிஎஸ்ல சொருகி வச்சுட்டு மூணு இருக்கேன்னு நிம்மதியா தூங்குறவங்க உண்டு. சாரல் சீசன்ல காத்தடிச்சு கரண்ட் போனா மூணும் சேந்துதான் போகும். அதுக்காக ஒண்ண செங்கோட்டைலயும் ஒண்ண புனலூர்லயும் வச்சா என்னன்னு அடுத்த யோசனை வரும், நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு ரெண்டு பக்கமும் சொந்தம் இருக்குல்லா. வேண்டாம். வீட்டு பிராட்பேண்டுக்கு பின்னால இருக்கிற மெஷினுக்கு வெளிய இருந்து நேரா வர முடியாது, விபிஎன் போட்டு இணைச்சாலும் மலைய தாண்டி ஃபைபர் வெட்டுப்படுற நாளெல்லாம் மேனேஜருங்க லீடர் எலெக்ஷன் நடத்திக்கிட்டே இருக்கும். இன்னொரு கோளாறும் வரும், விஎக்ஸ்லான் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 50 பைட் தன் பங்குக்கு சேத்துக்கிடும், விபிஎன்னும் தன் பங்குக்கு சேக்கும், பாக்கெட் வழியில கொள்ளாம போயிரும். பிங் அடிச்சா வரும், சின்ன பேஜ் வரும், பெரிய பேஜ் மட்டும் தொங்கும். இந்த மாதிரி பாத்தா எம்டியு அளவ (ஒரு பாக்கெட் எவ்ளோ பெருசா போகலாம்ங்கிற வரம்ப) கொறச்சு பாருங்க. மேனேஜருங்கள ஒரே ஊருக்குள்ள, வேகமான நெட்வொர்க்குல, ஆனா வேற வேற கரண்ட் லைன்ல வைக்க முடிஞ்சா அதுதான் சரி. கிளவுட்ல எடுத்தா ஒரே ரீஜன்ல வேற வேற ஸோன்ல எடுங்க.

கிளஸ்டர் ரெடி, இப்ப ஏதாவது ஓட்டிப் பாக்கணும்ல:

டாக்கர் சர்வீஸ் கிரியேட் --நேம் விலை --ரெப்ளிகாஸ் 3 --பப்ளிஷ் 8080:80 என்ஜின்எக்ஸ்

டாக்கர் சர்வீஸ் பிஎஸ் விலைன்னு அடிச்சா மூணு காப்பியும் எந்த எந்த நோடுல ஓடுதுன்னு காட்டும். ப்ரவுசர்ல எந்த மெஷின் ஐபிய போட்டு 8080 தட்டுனாலும் பேஜ் வரும், அந்த மெஷின்ல அந்த கன்டெய்னர் ஓடலன்னாலும் வரும். எல்லா நோடும் அந்த போர்ட்ல காது குடுத்து நிக்கும், வந்தத கன்டெய்னர் இருக்கிற நோடுக்கு தள்ளி விட்ரும், இதுக்கு ரவுட்டிங் மெஷ்னு பேரு. ஒண்ணு ஞாபகம் இருக்கட்டும், டாக்கர் பப்ளிஷ் பண்ற போர்ட் யுஎஃப்டபிள்யூ போட்ட தடைய தாண்டி வெளிய தெரியும், டாக்கர் லினக்ஸோட ஐபிடேபிள்ஸ் ஃபயர்வால் விதில நேரா எழுதிக்கிடுது. ஃபயர்வால் இருக்கேன்னு நம்பி டேட்டாபேஸ் போர்ட்ட பப்ளிஷ் பண்ணிறாதீங்க.

ஓண வாரத்துக்கு ஆறு காப்பி வேணும்னா டாக்கர் சர்வீஸ் ஸ்கேல் விலை=6, முடிஞ்சதும் திரும்ப 3.

இப்ப ராமநதியோட பவர் கேபிள புடுங்குங்க. நிஜமாவே புடுங்குங்க, இத பாக்காம கிளஸ்டர் கட்டி என்ன பிரயோஜனம். நோடுங்க சாதாரணமா 5 செகண்டுக்கு ஒரு தடவ மேனேஜர் கிட்ட இருக்கேன்னு சொல்லிக்கிட்டே இருக்கும், அந்த சத்தம் நின்னு கொஞ்ச நேரத்துல லிஸ்ட்ல ராமநதி டவுன்னு மாறும், அதுல ஓடுன காப்பி குண்டாறுலயோ கடனாலயோ எந்திரிச்சிருக்கும். திரும்ப ராமநதிய ஆன் பண்ணா வந்து சேந்துக்கிடும், ஆனா போன கன்டெய்னர் திரும்பி வராது, ராமநதி சும்மாதான் இருக்கும். ஓடிக்கிட்டு இருக்கிறத காரணமில்லாம கலைக்க வேண்டாம்னுதான் அப்படி வச்சிருக்காங்க. பிரிச்சுப் போடணும்னா டாக்கர் சர்வீஸ் அப்டேட் --ஃபோர்ஸ் விலை. மெஷின்ல ரேம் மாத்தணும், கெர்னல் அப்டேட் பண்ணணும்னா கேபிள புடுங்காம மரியாதையா காலி பண்ணச் சொல்லலாம்:

டாக்கர் நோடு அப்டேட் --அவைலபிலிட்டி டிரெய்ன் ராமநதி

வேலை முடிஞ்சதும் டிரெய்ன்ங்கிற இடத்துல ஆக்டிவ் போட்டு அடிங்க.

இது வரைக்கும் நல்லா போகும், ஏன்னா என்ஜின்எக்ஸ்ங்கிற வெப் சர்வரோட இமேஜ் (கன்டெய்னர உண்டாக்குற அச்சு) டாக்கர் ஹப்ல இருக்கு, எல்லா நோடும் போயி எடுத்துக்கிடும். நீங்களா குண்டாறுல பில்ட் பண்ண இமேஜ வச்சு சர்வீஸ் போட்டா, குண்டாறுல மட்டும் ஓடும், மத்த ரெண்டுலயும் அப்படி ஒரு இமேஜே இல்லன்னு திரும்பத் திரும்ப விழும். கிளஸ்டர் இமேஜ நோடு விட்டு நோடு தூக்கிட்டுப் போகாது, எல்லாருக்கும் பொதுவா ஒரு ரெஜிஸ்ட்ரி, அதாவது இமேஜ் கிடங்கு, வேணும். சின்னதா சமாளிக்க ஒரு வழி இருக்கு, ரெஜிஸ்ட்ரியவே ஒரு சர்வீஸா 5000 போர்ட்ல ஓட்டிருங்க, ரவுட்டிங் மெஷ் இருக்கிறதால எல்லா நோடுக்கும் அது 127.0.0.1:5000-ல கிடைக்கும், அங்க புஷ் பண்ணா எல்லாரும் அங்க இருந்தே எடுத்துக்கிடலாம். வெளில பாஸ்வேர்ட் போட்ட ரெஜிஸ்ட்ரின்னா சர்வீஸ் போடுறப்ப --வித்-ரெஜிஸ்ட்ரி-ஆத் சேக்கணும், இல்லன்னா நீங்க லாகின் பண்ண நோடுக்கு மட்டும்தான் அனுமதி இருக்கும்.

டேட்டா விஷயம் இத விட பெருசு. கன்டெய்னர் எங்க வேணும்னாலும் நகரும், அதோட டேட்டா உக்காந்திருக்கிற வால்யூம் நகராது. விலை எழுதி வைக்கிற மைஎஸ்கியூஎல் கடனால ஓடுது, அதோட டேட்டா கடனா டிஸ்க்ல இருக்கு. கடனா போயிருச்சு, ஸ்வார்ம் சமத்தா அத குண்டாறுல எந்திரிக்க வைக்கும், அங்க அதே பேருல வால்யூம் ஒண்ண காலியா புதுசா உண்டாக்கிக்கிட்டு மைஎஸ்கியூஎல் ஜம்முனு ஓடும், ஒரு ரெக்கார்ட் கூட இல்லாம. எர்ரரே வராது, அதான் கொடுமை. அதனால டேட்டாபேஸ ஒரு நோடோட கட்டிப் போடணும்:

டாக்கர் நோடு அப்டேட் --லேபிள்-ஆட் டிஸ்க்=எஸ்எஸ்டி கடனா

அப்புறம் டேட்டாபேஸ் சர்வீஸ் போடுறப்ப --கன்ஸ்ட்ரெய்ன்ட் நோட்.லேபிள்ஸ்.டிஸ்க்==எஸ்எஸ்டி-ன்னு குடுத்தா கடனா இல்லாம வேற எங்கயும் ஓடாது. மேல சொன்ன ரெஜிஸ்ட்ரிக்கும் இதே கட்டு வேணும். கடனா போனா டேட்டாபேஸ் போயிருமேன்னா, ஆமா போயிரும், ஆனா காலி டேட்டாபேஸ் ஓடுறத விட நின்னு கெடக்கிறது எவ்வளவோ தேவல. டேட்டாபேஸுக்கு ரெப்ளிகாஸ் 3 போட்டா மூணு காப்பி பத்திரமா இருக்கும்னு நெனைக்காதீங்க, அது ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத மூணு டேட்டாபேஸ். அதுக்கு டேட்டாபேஸோட சொந்த ரெப்ளிகேஷன் வேணும், அது வேற பாடம். கையில காசு இருந்தா டேட்டாபேஸ மட்டும் கிளஸ்டருக்கு வெளிய, மேனேஜ்டு சர்வீஸா வச்சுக்கிடுங்க, நான் பாத்த வரைக்கும் சின்ன டீமுக்கு அதுதான் தூக்கம் குடுக்கும்.

புது வெர்ஷன் ஏத்துறது சுகமான வேலை. டாக்கர் சர்வீஸ் அப்டேட் --இமேஜ் போட்டு புது இமேஜ் பேரும் சர்வீஸ் பேரும் குடுத்தா, ஒவ்வொரு காப்பியா நிறுத்தி மாத்தும், நடுவுல ஒண்ணு எந்திரிக்கலன்னா அங்கயே நின்னுக்கிடும், மிச்சம் பழசு ஓடிக்கிட்டு இருக்கும். டாக்கர் சர்வீஸ் ரோல்பேக் விலைன்னு அடிச்சா பழசுக்கு வந்துரும். சர்வீஸ் நாலஞ்சு ஆனதும் ஒவ்வொண்ணா கிரியேட் அடிக்கிறத விட்டுட்டு, எல்லாத்தையும் ஒரு கம்போஸ் ஃபைல்ல எழுதி டாக்கர் ஸ்டாக் டிப்ளாய் -சி போட்டு ஏத்துங்க, அந்த ஃபைல கிட்ல (Git, மாத்துன ஒவ்வொரு வெர்ஷனையும் வச்சுக்கிடுற டூல்) போட்டு வைங்க.

ஒவ்வொரு தடவையும் குண்டாறுக்குள்ள எஸ்எஸ்ஹெச் போட்டு நுழைய வேண்டியதில்ல. உங்க லேப்டாப்ல டாக்கர் கான்டெக்ஸ்ட் கிரியேட் அடிச்சு எஸ்எஸ்ஹெச் முகவரிய ஹோஸ்டா குடுத்து, டாக்கர் கான்டெக்ஸ்ட் யூஸ் அடிச்சா, லேப்டாப்ல அடிக்கிற டாக்கர் கமாண்டெல்லாம் அங்க போயி ஓடும். ஆனா டாக்கர் குரூப்ல சேத்த யூசர் அந்த மெஷின்ல எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசருக்கு சமானம்ங்கிறத மறக்கக்கூடாது, இன்டர்ன்ஷிப் வந்த பையனுக்கெல்லாம் அத தூக்கிக் குடுக்காதீங்க.

பழகி முடிஞ்சு கலைக்கணும்னா, முதல்ல சர்வீஸ டாக்கர் சர்வீஸ் ஆர்எம் விலைன்னு எடுத்துருங்க. ஒரு நோட மட்டும் வெளிய எடுக்கிறதுன்னா, மேனேஜரா இருந்தா டிமோட் பண்ணிட்டு, அந்த நோடுல டாக்கர் ஸ்வார்ம் லீவ் அடிங்க, லிஸ்ட்ல அது டவுன்னு நிக்கும், இன்னொரு மேனேஜர்ல இருந்து டாக்கர் நோடு ஆர்எம் அடிச்சு துடைங்க. டிமோட் பண்ணாம மேனேஜர்ல லீவ் அடிச்சா விடாது, --ஃபோர்ஸ் கேக்கும், அப்படி ஃபோர்ஸ்ல வெளிய வந்தா மத்தவங்க நோட்டுல அந்த மேனேஜர் இன்னும் உறுப்பினராவே இருக்கும், மெஜாரிட்டி கணக்குல அதையும் சேத்துத்தான் எண்ணும். கடைசியா மிஞ்சுற மேனேஜர்ல மட்டும் தைரியமா --ஃபோர்ஸ் போடலாம்.